முன்மாதிரிக் கிராமத்துக்கு ஒரு தராசு

அவித்த முட்டையில் கைவைத்த மகளின் கையில் நிரோஜா படாரென்று ஒன்று போட்டாள். போட்ட பிறகுதான் தன் கை எவ்வளவு கனமாக இறங்கிவிட்டது என்று அவளுக்கே உறைத்தது. மிதுசா அழவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை, அடிபட்ட கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு, முட்டையையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய்விட்டு அழுதிருந்தாலாவது தூக்கி வைத்துச் சமாதானம் சொல்லியிருக்கலாம். "அது கண்காட்சிக்கு வைக்கிறது அம்மா. பேந்து தாறன்," என்றாள் நிரோஜா. பேந்து என்றால் எப்போது என்று அவளுக்கும் தெரியாது.

அன்றைக்குப் போசாக்கு வாரத்தின் கடைசி நாள். குளக்கட்டுக்கு முன்னால் இருக்கும் பாடசாலை வளவில் உணவுக் கண்காட்சி. ஊருக்கு ஒரு மேசை. கர்ப்பிணித் தாய்மாரும் சின்னப் பிள்ளைகளும் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று சமைத்து அலங்கரித்து வைத்துக் காட்ட வேண்டும். பெரிய ஆட்கள் வந்து பார்ப்பார்கள், மெச்சுவார்கள், படம் எடுப்பார்கள். சமைக்கிற சாமான் மட்டும் தாய்மாரின் வீட்டுச் சாமான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு அடித்த கதைதான். நாவலடி மாதர் சங்கம் வீடு வீடாக முட்டை தண்டியது. நிரோஜாவின் ஒற்றைக் கோழி இட்டதெல்லாம் ஒரு கிழமையாக அரிசிப் பானைக்குள் போனது. பிள்ளைக்குச் சத்தான சாப்பாடு கொடுப்பது எப்படி என்று ஊருக்குக் காட்டுவதற்காக, ஒரு கிழமையாக அந்த வீட்டுப் பிள்ளைக்கு முட்டை இல்லை. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

வாசலில் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புருசன் வினோதன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அன்றைக்கு வாய்க்கால் பக்கத்தில் அரிவு வெட்டு மெசினோடு வேலை. "ஒண்டைக் குடன் பிள்ளைக்கு. உவையள் வந்து எண்ணவோ போகினம்?" என்றான்.

"ஞானேஸ்வரி பெரியம்மா எண்ணுவா," என்றாள் நிரோஜா.

வினோதன் சிரித்தான். நிரோஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவித்த முட்டையை நூலால் பல்லுப் பல்லாக அறுத்துத் தாமரைப் பூவாக விரிக்க வேண்டும் என்பது மாதர் சங்கத் தலைவி ஞானேஸ்வரியின் கட்டளை. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் அறுத்தாள். மஞ்சள் கரு வெளியே எட்டிப் பார்த்தபோது மிதுசா "பூ" என்றாள். நிரோஜா அடுத்த முட்டையை எடுத்தாள்.

நாவலடி குளக்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கட்டுக்கு முன்னால் இருப்பவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, வயலும் வாய்க்கால் தண்ணீரும் எழுதிக் கிடைத்தவர்கள். கட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள் கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து லொறி ஏறி வந்து, காட்டை வெட்டிக் குடியிருந்தவர்கள். அவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். வேலை வாய்க்கால்காரரின் வயலில். நிரோஜாவின் வயதுக்காரர்கள் இங்கேயே பிறந்து, வாய்க்கால்காரரின் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, அவர்களுடைய பேச்சையே பேசுகிறார்கள். பேச்சு ஒன்றானாலும் முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர் மாறவில்லை. தோட்டக்காட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு திட்டத்தின் காசு நாவலடிக்கு வந்தது. தாய் சேய் நலத்துக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய காசு என்றார்கள். நாவலடியின் பொதுநோக்கு மண்டபத்திலேயே மாதத்துக்கு ஒரு நாள் கிளினிக் வைத்தார்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்குச் சத்துமாப் பைக்கற்றும் முட்டையும் கொடுத்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு அங்கேயே பிறசர் என்று இரத்த அழுத்தம் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். மிதுசா நிரோஜாவின் வயிற்றில் இருந்தபோது அவள் வீட்டிலிருந்து செருப்புக் கூடப் போடாமல் கிளினிக்குக்கு நடந்து போய் வந்தாள். அப்படியொரு காலம் இருந்தது என்று இப்போது நினைத்தால் பொய் போல இருக்கிறது.

பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கும் குடும்பநல மிஸ் தயாளினி புதுக்குடியிருப்புக்காரி. தன்னுடைய பிரிவோடு ஆளில்லாத இன்னொரு பிரிவையும் சேர்த்து ஒற்றை ஸ்கூட்டியில் ஓடித் திரிகிறவள். கெட்ட மனுசி இல்லை, வாய்தான் பொல்லாதது. பிள்ளையின் நிறை குறைந்தால் மாதக் கூட்டத்தில் அவளுக்கு ஏச்சு விழும். அதை அவள் கொண்டுவந்து தாய்மாரின் தலையில் கொட்டுவாள். "பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறியள்? வெத்திலைக்குக் காசிருக்கு, முட்டைக்குக் காசில்லையோ?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்பாள். வெற்றிலையே போடாத பெண்களும் அதைக் கேட்டுத் தலைகுனிந்து நின்றார்கள்.

ஏச்சுக்குப் பயந்த சனம் ஏதாவது வழி பார்க்கத்தானே செய்யும். நாவலடிப் பெண்கள் பார்த்த வழி சுவெற்றர். மலைநாட்டில் மிச்சமிருந்த சொந்தக்காரர்கள் வரும்போது கொண்டுவந்த கம்பளிச் சுவெற்றர்கள் ஊருக்குள் ஒன்றிரண்டு கிடந்தன. வன்னி வெயிலில் அவற்றை யார் போடுவார்கள்? நிறை பார்க்கும் நாளில் பிள்ளைகள் போட்டார்கள். விடியவே வயிறு முட்டக் கஞ்சித்தண்ணீர் பருக்கி, மேலே சுவெற்றரை மாட்டி, தராசில் வைப்பார்கள். ஒரு பிள்ளை இறங்கியதும் சுவெற்றரைக் கழற்றி மண்டபத்துக்குப் பின்னால் அடுத்த பிள்ளைக்கு மாட்டுவார்கள். பின்னேரமாகும்போது அது வேர்வையில் ஊறி இன்னும் பாரமாக இருக்கும். தயாளினி மிஸ் இந்த வித்தையை அறியாதவள் அல்ல. "உரியுங்கோடி உதை" என்று கத்தி, உரித்த பிறகுதான் தராசைப் பார்ப்பாள்.

ஆனால் போன வருடம் நிறை பார்க்க வந்தது அவள் மட்டுமில்லை. திட்டம் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அளக்க ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். கையில் ரப் என்கிற தொடுதிரைப் பலகை வைத்திருந்த பெடியன்களும் பெட்டைகளும். துணுக்காய் ஊருக்கு இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று அந்தரப்பட்டவர்கள். உடுப்பைக் கழற்றச் சொல்ல அவர்களுக்கு நேரமிருக்கவில்லை. தயாளினி மிஸ் ஒரு மூலையில் நின்று பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நாவலடிப் பிள்ளைகள் எல்லோரும் வளர்ச்சி அட்டையின் பச்சைக்கோட்டுக்குள் வந்தார்கள். வந்தவர்கள் கை தட்டினார்கள். மிதுசாவும் அதே சுவெற்றரோடு அதே தராசில்தான் இருந்தாள், இருத்தியது நிரோஜாதான்.

பிறகு றோட்டுத் திருப்பத்தில் வெள்ளைப் பலகை ஒன்று நட்டார்கள். போசாக்கில் முன்மாதிரிக் கிராமம் நாவலடி. பலகை நட்ட கையோடு முட்டை நின்றது. அடுத்து சத்துமா நின்றது. கடைசியில் கிளினிக்கும் கட்டுக்கு முன்னால் போய்விட்டது. "உங்கட இடம் முன்னேறிட்டுது. இருக்கிற கொஞ்சக் காசைக் கஷ்டப்பட்ட இடங்களுக்குத்தான் குடுக்கலாமாம். நான் என்ன செய்யிறது?" என்றாள் தயாளினி மிஸ், யாருடைய முகத்தையும் பார்க்காமல். உள்ளதும் போச்சடா நொள்ளைக் கண்ணா என்று ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. பொய் சொன்ன வாய்தானே.

குளத்தைச் சுற்றிப் போகிற வழி மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீரில் மூடிவிடும். பஸ் இல்லை. பக்கத்து வீட்டுப் பிரேமிளாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கி மாதம் ஏற ஏறக் கால் வீங்கியது. மழைக்குள் கிளினிக்குக்குப் போகவில்லை, அடுத்த மாதமும் போகவில்லை. வலிப்பு வந்து விழுந்தவளை உழவு இயந்திரப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள். அவள் உயிரோடு திரும்பி வந்தாள். பிள்ளை வரவில்லை. முன்னமே பிறசர் பார்த்திருந்தால் ஒரு குளிசை மருந்தோடு போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்களாம். ஊர் அதை விதி என்றது. நிரோஜாவுக்கும் விதியில் நம்பிக்கை உண்டு. ஆனால் கிளினிக்கைத் தூக்கியது விதி இல்லை, மனுசர். அதற்கு வழி பண்ணிக் கொடுத்ததும் மனுசர்தான், அதில் தானும் ஒருத்தி என்ற நினைப்பு அவளை நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை.

கண்காட்சிக்கு அந்தத் திட்டத்தை நடத்துகிற பணிப்பாளர் வருகிறார் என்று தெரிந்ததும் அவள் மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். உண்மையைச் சொல்லிக் கிளினிக்கைத் திருப்பிக் கேட்போம் என்றாள். தலைவி ஞானேஸ்வரிதான் பேசினாள். அறுபதை நெருங்கும் மனுசி. பத்து வயதில் லொறியிலிருந்து இறங்கியவள். இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான்.

"என்னான்னு சொல்லுவ? நாங்க களவு செஞ்சோம்னா? கம்பளிய மாட்டி ஏமாத்துனோம்னா? அந்த போர்டுலதான் மொத மொத நம்ம ஊரு பேர ஒருத்தன் நல்லபடியா எழுதி வச்சிருக்கான். அதையும் புடுங்கிட்டு போகட்டும்ங்கிறியா?"

"பலகையைப் பாத்து வயிறு நிறையுமோ பெரியம்மா?"

"வயிறு நெறையாது. ஆனா தல நிமிர்ந்து நிக்கலாம். ஒனக்கு தெரியாது புள்ள. கிணத்துல தண்ணி அள்ள விடாம தொரத்துனது ஒனக்கு தெரியாது." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "கிளினிக்க நான் கேக்குறேன். மரியாதையா கேக்குறேன். நெறை பாத்தத பத்தி ஒருத்தியும் வாய தொறக்கக் கூடாது."

அதுதான் முடிவு. நிரோஜாவும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள்.

உழவு இயந்திரப் பெட்டியில் சட்டி பானைகளோடு பெண்களும் பிள்ளைகளும் ஏறி, பாடசாலை வளவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வளவு கலியாண வீடு மாதிரி இருந்தது. கூடாரம், வெள்ளைத்துணி போர்த்த கதிரைகள், சிவப்புக் கம்பளம், வாசலில் வாழை. நாட்டில் காசில்லை, காசில்லை என்று சொல்லித்தான் முட்டையை நிறுத்தினார்கள். காசில்லாத நாட்டின் பதாகை வாசலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நீண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கொழுகொழுவென்று சிரித்தது. நாவலடி மேசையில் குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, பயற்றம் உருண்டை, வல்லாரைச் சம்பல், பப்பாசிப் பழத்தில் செதுக்கிய அன்னம், நடுவில் முட்டைத் தாமரைகள். பிரேமிளா ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடிப் பொலித்தீனை இழுத்து மூடினாள். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு அவள் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. என்ன செய்தாலும் கையை ஓயவிடாமல் செய்துகொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன பணிப்பாளர் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. வெயில் ஏறப் பொலித்தீனின் உட்பக்கம் வேர்த்தது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றன. நாடி மேசை விளிம்பில் முட்ட, மிதுசா முட்டைத் தாமரையைப் பார்த்தபடி நின்றாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது கறியாகவே சமைத்து வைத்த சுரைக்காய், இதுவும் உதவவில்லை. பெரிய ஆட்களுக்கான சாப்பாட்டுப் பார்சல்கள் ஒரு ஓட்டோவில் வந்து இறங்கின. பொரித்த கோழி மணம் வளவெல்லாம் பரவியது.

"மிஸ், பிள்ளையளுக்குப் பசிக்குது. மேசையில இருக்கிறதில கொஞ்சம் குடுப்பமே?" என்று நிரோஜா கேட்டாள்.

தயாளினி மிஸ் பதறிப்போனாள். "ஐயோ, குலைச்சுப் போடாதையுங்கோ நிரோஜா. அவர் பாத்திட்டுப் போகட்டும். உங்களைக் கும்பிட்டன்." அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விடியப்புறமே வந்து கதிரை அடுக்கியிருப்பாள் போல. நிரோஜாவுக்கு அவளில் கோபம் வரப் பார்த்தது, முழுதாக வரவில்லை. கோபத்தைக் கொண்டுபோய் வைக்க இடம் தெரியாமல் அவள் தவித்தாள்.

மதியத்துக்குக் கிட்டப் பணிப்பாளர் வந்தார். மாலை, விளக்கு, வரவேற்பு நடனம். ஒலிவாங்கியைப் பிடித்து, நாடு கஷ்டத்தில் இருக்கும் நேரத்திலும் தாய்மாருக்கும் சேய்களுக்கும் செலவழிக்கும் காசில் கை வைக்கவில்லை என்றார். கையே வைக்காத காசு எங்கே போனது என்று கேட்க நிரோஜாவுக்கு நாக்குத் துடித்தது. பிறகு அவர் மேசை மேசையாக வந்தார். நாவலடி மேசையில் பொலித்தீனை விலக்கினார்கள். "ஆஹா, இதெல்லோ கலை!" என்று சொல்லி, ஒரு முட்டைத் தாமரையை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். மிதுசா அவருடைய வாயையே பார்த்தாள். அவர் மென்று விழுங்கி முடிக்கும் வரைக்கும் பார்த்தாள். பிள்ளையின் தொண்டையும் சேர்ந்து விழுங்கியதை நிரோஜா கண்டாள். காலையில் தான் அடித்த அடி அவளுக்கு இப்போதுதான் முழுதாக வலித்தது.

முன்மாதிரிக் கிராமத்துக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். ஞானேஸ்வரி சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு மேடைக்கு ஏறினாள். கை கூப்பினாள். "தொரை, எங்க ஊருக்கு ஒரு கோரிக்கை..." என்று அவள் தொடங்கியதும் பணிப்பாளர் சிரித்தபடி கையை உயர்த்தினார். "நீங்கள் கேக்கவே வேண்டாம் அம்மா. உங்களுக்கு என்ன தேவையெண்டு எங்களுக்குத் தெரியும். கொண்டு வந்திருக்கிறம்."

இரண்டு பேர் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து மேடைக்கு முன்னால் வைத்துப் பிரித்தார்கள். தராசு. கண்ணாடித் தட்டும், ஏறி நின்றால் இலக்கம் ஒளிரும் பெட்டியுமாகப் புத்தம் புதிய தராசு. எல்லோரும் கை தட்டினார்கள். ஞானேஸ்வரி கூப்பிய கையை இறக்க மறந்து நின்றாள். கிளினிக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டுத் தராசைத் தருகிறார்கள். சோற்றை எடுத்துக்கொண்டு கோப்பையைக் கழுவித் தருகிற மாதிரி.

"படத்துக்கு ஒரு பிள்ளையை நிப்பாட்டுங்கோ," என்றார் படப்பிடிப்பாளர். நாவலடிப் பிள்ளைகளின் பக்கம் வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மிதுசாவின் நாடியைப் பிடித்து உயர்த்தி, விட்டுவிட்டார். "இதுகள் சரிவராது. பதாகைக்கு வாற படம். கொஞ்சம் மொழுமொழுவெண்டு வேணும்," என்று சொல்லிக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய், வாய்க்கால்காரத் தாட்சாயினியின் மகனைக் கை நீட்டி வாங்கினார். தாட்சாயினி, "அது அவையின்ர பரிசெல்லோ..." என்று இழுத்தாள். அதற்குள் பிள்ளை தராசில் நின்றுவிட்டது. இலக்கம் பளிச்சென்று வந்தது. பணிப்பாளர் குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "பாருங்கோ, நாவலடிப் பிள்ளை!"

நிரோஜா எப்போது மிதுசாவைத் தூக்கினாள், எப்படிக் கம்பளத்துக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "அது எங்கட பிள்ளை இல்லை," என்றாள். ஒலிவாங்கி இல்லாமலே அது வளவெல்லாம் கேட்டது. "எங்கட பிள்ளை இது."

பிள்ளையின் சட்டையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினாள். சட்டையைத் தலைவழியே உருவினாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள். காற்சட்டையோடு நின்ற பிள்ளையின் விலா எலும்புகளை எல்லோரும் எண்ணலாம் போல இருந்தது. தாட்சாயினி அவசரமாகத் தன் மகனைத் தூக்கிக்கொண்டாள். நிரோஜா மிதுசாவைத் தராசில் ஏற்றினாள்.

"வாசியுங்கோ மிஸ்."

தயாளினி மிஸ் பணிப்பாளரைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். வாசிக்க மாட்டாள் என்றுதான் நிரோஜா நினைத்தாள்.

"ஒன்பது தசம் நாலு," என்றாள் மிஸ். யாரும் கேட்காமலே இன்னும் சொன்னாள்: "சிவப்புக்குக் கிட்ட நிக்குது, சேர்."

பணிப்பாளரின் சிரிப்பு போகவில்லை, அங்கேயே இறுகியது. "தராசு புதுசெல்லே. செற் பண்ணேல்லைப் போல. பிழையாக் காட்டுது."

"இப்பத்தான் அந்தப் பிள்ளைக்குச் சரியாக் காட்டினது. எங்கட பிள்ளை ஏறின உடனை பிழைச்சுப் போச்சோ சேர்?" நிரோஜாவின் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "போன வருசம் உங்கட ஆக்கள் வந்து நிறுக்கேக்கை நாங்கள் பிள்ளையளுக்குக் கம்பளிச் சுவெற்றர் போட்டனாங்கள். கஞ்சித்தண்ணி பருக்கினனாங்கள். ஏச்சுக்குப் பயந்து, வெக்கத்தில செய்தனாங்கள். ஓம், பிழைதான். நானும் செய்தனான். அதுக்கு எங்களை ஏசுங்கோ. ஆனா ஒரு ஊர்ப் பிள்ளையள் எல்லாம் வெயிலுக்குள்ள ஒரே சுவெற்றரோட மாறி மாறி வந்து நிக்கேக்கை, ஏனெண்டு ஒருத்தர் கேக்கேல்லையே! உங்களுக்குப் பச்சை வேணும். எங்களுக்கு மானம் வேணும். இடையில பிள்ளையள் காயுதுகள்." அவள் மேசைப் பக்கம் கையைக் காட்டினாள். "அங்கை நிக்கிறா பிரேமிளா. கிளினிக் எங்கட மண்டபத்தில இருந்திருந்தா இண்டைக்கு அவாவின்ர இடுப்பிலயும் ஒரு பிள்ளை இருந்திருக்கும். அதை எந்தத் தராசில சேர் நிறுக்கிறது?"

பிரேமிளா கையிலிருந்த பொலித்தீனைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். நடனமாடிய பிள்ளைகளின் சலங்கை எங்கோ ஒருதரம் குலுங்கி அடங்கியது.

பணிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இப்ப நீங்கள்தானே சொல்லுறியள், பொய் சொன்னனாங்கள் எண்டு. பொய்த் தகவல் தந்தா நிதி எப்பிடி வரும்? இதையெல்லாம் எழுத்தில தாங்கோ, பாப்பம். முதல்ல தராசைச் சரி பாக்கவேணும். இது பிழை." அவர் உதவியாளரைப் பார்த்துக் கண் காட்டினார். உதவியாளர் தராசைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தார்.

அப்போது ஞானேஸ்வரி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். முழங்கால் வாதத்தோடு ஒவ்வொரு படியாக, கைப்பிடி இல்லாத படியில் மெதுவாக இறங்கினாள். தன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று நிரோஜா நினைத்தாள். இழுத்தால் என்ன செய்வது என்றும் நினைத்தாள். போவதில்லை என்று முடிவெடுத்தாள். ஞானேஸ்வரி அவளைப் பார்க்கவே இல்லை. படப்பிடிப்பாளரைப் பார்த்தாள். தாட்சாயினியின் இடுப்பில் இருந்த கொழுத்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தராசில் நின்ற மிதுசாவைத் தூக்கி நிரோஜாவிடம் கொடுத்துவிட்டு, குனிந்திருந்த உதவியாளரின் தோளில் இரண்டு விரலால் தொட்டாள். அவர் தன்னை அறியாமல் விலகினார்.

"ஒங்களுக்கு எங்க ஊரு பேரு வேணும், எங்க புள்ளைங்க மூஞ்சி வேணாம்," என்றாள். குரல் உயரவில்லை. வாழ்நாளெல்லாம் பெரிய ஆட்களுக்கு முன்னால் பேசிப் பழகிய அதே தாழ்ந்த குரல்தான். "சரி. தராசு பிழைங்கிறீங்க. பாத்துருவோம். ஒங்க நெறை ஒங்களுக்கு தெரிஞ்சிருக்கும்ல? ஏறுங்க தொரை."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கினார்கள். பணிப்பாளர் இங்கும் அங்கும் பார்த்தார். படப்பிடிப்பாளர் கமராவைக் கீழே இறக்கியிருந்தார். ஆனால் கூட்டத்துக்குள் ஒரு போன் உயர்ந்தது. பிறகு இன்னொன்று. நாவலடிப் பெண்கள் மேசையை விட்டு ஒவ்வொருத்தியாக முன்னால் வந்தார்கள். வாய்க்கால் பக்கத்துப் பெண்களும் கதிரைகளிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பிரேமிளா தாட்சாயினிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன அம்மா, விளையாடுறியளோ?" என்றார் பணிப்பாளர்.

"இல்லீங்க தொரை. புள்ளைய செருப்பு இல்லாமத்தான் நிறுத்தோம்." ஞானேஸ்வரி சேலையை ஒதுக்கிக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மெல்ல மடித்து, அவருடைய காலடியில் குந்தினாள். "நீங்களும் சப்பாத்த கழட்டிருங்க."

அவளுடைய விரல்கள் கறுப்புச் சப்பாத்தின் முடிச்சைத் தேடிப் பிடித்தன. கண்ணாடித் தட்டில் மிதுசாவின் இரண்டு காலடிகள் புழுதியில் பதிந்து கிடந்தன. இலக்கம் பூச்சியத்துக்கு வந்து, விட்டு விட்டு ஒளிர்ந்தபடி நின்றது.